நாற்பது நோட்டுகளில் ஒரே பசு

புது தில்லி: தலைநகரின் அரசுப் பள்ளியானாலும் உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர்ப் பள்ளியானாலும், மாணவர் எழுதும் முதல் கட்டுரை பெரும்பாலும் பசுவைப் பற்றியதாகவே இருக்கும். நான்கு கால்கள், இரண்டு கொம்புகள், பாலின் பயன் என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார். நாற்பது நோட்டுகளிலும் அதே பசு வந்து நிற்கும். பள்ளி வாசலில் குப்பையைக் கிளறி பிளாஸ்டிக் பையை மென்றுகொண்டிருந்த பசுவை ஒரு சிறுமி காலையில் ஒதுங்கிக் கடந்து வந்திருப்பாள். அவள் நோட்டில்கூட அந்தப் பசு இருக்காது.

பிழையின்றிப் பார்த்து எழுதினால் "நன்று" என்ற குறிப்பு கிடைத்துவிடும். என்ன எழுதுவது என்று திட்டமிடவும், எழுதியதைத் திருத்தவும், மீண்டும் எழுதவும் பாடவேளையில் இடமில்லை. எழுத்தையே தொழிலாகக் கொண்டவர்களும் முதல் படியை அப்படியே அச்சுக்கு அனுப்பத் தயங்குவார்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் மட்டும் எடுத்த எடுப்பிலேயே செப்பமான படி எதிர்பார்க்கப்படுகிறது.

இக்குறையை அரசு அறியாததல்ல. பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு வழிநடத்த, தேசிய கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் கவுன்சில் (என்சிஇஆர்டி) உருவாக்கிய 2005-ம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு இதை வெளிப்படையாகவே பேசியது. எழுதுவதை அலுவலகத் திறனாகக் கருதும் போக்கை ஆசிரியர்கள் கைவிட வேண்டும்; அதைக் கலை வெளிப்பாடாகப் பார்க்க வேண்டும்; கடிதமும் கட்டுரையும் வெறும் சடங்காகிவிட்ட நிலை மாற வேண்டும் என்று அது வலியுறுத்தியது. குமாஸ்தாக்களை உருவாக்கும் கல்வி என்று ஆங்கிலேயரைக் குறை கூறிக்கொண்டே, கட்டுரை நோட்டில் அதே கல்வியைப் பாதுகாத்து வருகிறோம்.

மாற்று வழிக்குப் பெரும் செலவு தேவையில்லை. முதலில் பேச்சு. பிறகு நினைவுக்கு வரும் நாலைந்து குறிப்புகள். அதன்பின் ஒரு வரி விட்டு ஒரு வரியாக முதல் படி. அதைப் பக்கத்து மாணவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். கேட்பவர் தனக்குப் புரியாததை இரண்டு கேள்விகளாகக் கேட்க வேண்டும். "சந்தைக்குப் போனேன். காய் வாங்கினேன். வீட்டுக்கு வந்தேன்" என்று ஒரு சிறுவன் எழுதியிருப்பதாகக் கொள்வோம். யாருடன் போனாய், வழியில் என்ன நடந்தது என்று கேட்டால், அப்பாவின் சைக்கிளும், பையில் நசுங்கிய தக்காளியும், அதற்கு அம்மாவிடம் வாங்கிய திட்டும் விடுபட்ட வரிகளில் வந்து சேரும்.

எழுத்துப்பிழையைக் கடைசிப் படியில் திருத்தினால் போதும். தொடக்கத்திலேயே சிவப்பு மையைக் கண்ட பிள்ளை, சொல்ல விரும்பியதை விட்டுவிட்டு, பிழையின்றி எழுதத் தெரிந்த சொற்களை வைத்தே சமாளிக்கப் பழகிவிடும். வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ பேசி, வகுப்பில் புத்தக இந்தியை எதிர்கொள்ளும் தில்லிக் குழந்தைக்கு இது இரட்டைச் சுமை. முதல் படியை வீட்டு மொழியில் எழுத அனுமதிப்பதில் தவறில்லை. இயன்றவரை தாய்மொழி வழியே கற்பிக்க வேண்டும், குழந்தையை அச்சத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவே கூறுகிறது.

ஆசிரியரைத் தவிர வேறொரு வாசகர் உண்டு என்று தெரிந்தால், பிள்ளைகள் திருத்தி எழுத அலுத்துக்கொள்வதில்லை. போபாலில் இயங்கும் ஏகலவ்யா அமைப்பு 1985-ல் தொடங்கிய "சக்மக்" என்ற இந்தி மாத இதழ், குழந்தைகளின் எழுத்துக்கென்றே பக்கங்களை ஒதுக்கியது.

ஆசிரியர் மீது மட்டும் பழி போடுவது நியாயமல்ல. ஒரு நோட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் 40 நோட்டுகளுக்கு 200 நிமிடங்கள். இரண்டு படிகளையும் பார்த்தால் ஆறு மணி நேரத்தைத் தாண்டும். தொடக்கப் பள்ளியில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற சட்ட விகிதம் எல்லா வகுப்பறைகளுக்கும் எட்டவில்லை. கல்வி சாராப் பணிகளைத் தடை செய்யும் அதே சட்டம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகியவற்றுக்கு விலக்கும் அளிக்கிறது. முதல் படியைச் சக மாணவர் படிக்கும் முறை, சுமை மிகுந்த இந்த ஆசிரியருக்குத்தான் அதிகம் உதவும்.

பெரிய தடை தேர்வுதான். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் (சிபிஎஸ்இ) பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் கடிதமும் பத்தியும் 100 முதல் 120 சொற்களுக்குள் ஒரே மூச்சில் எழுதப்பட வேண்டும். இந்தித் தாளிலோ பத்திக்கான தலைப்போடு குறிப்புகளையும் வினாத்தாளே தந்துவிடுகிறது. திட்டமிடும் வேலையும் மாணவனிடம் இல்லை. 2009-ல் வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறை, ஆண்டு முழுவதும் செய்யும் பணிக்கு மதிப்பெண் தந்து இதை மாற்றியிருக்கக்கூடும். பல பள்ளிகளில் அது இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய செயல்திட்டங்களாகச் சுருங்கியது. 2017-ல் வாரியம் அதைக் கைவிட்டது. மாணவர் தம்மையும் சக மாணவரையும் மதிப்பிடும் முன்னேற்ற அட்டையை 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பரிந்துரைத்துள்ளது. அந்த அட்டையில் முதல் படிக்கும் திருத்திய படிக்கும் இடையிலான தூரத்தை அளக்க ஒரு கட்டம் இருக்குமா என்பதே கேள்வி.

அடித்தல் திருத்தல் நிறைந்த நோட்டைக் கண்டால் பெற்றோரும் முகம் சுளிக்கிறார்கள். இம்முறையை முயன்று பார்க்கும் ஆசிரியர் முதல் படிக்குத் தனியாக ஒரு நோட்டு போடச் சொல்லலாம். மேலதிகாரியின் பார்வைக்குப் போவது என்னவோ இரண்டாவது நோட்டுதான்.