மலைத் தோட்டத்துக்கு பைக்கில் போகிறீர்களா? ஜி.பி.எஸ். கருவி வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

நாமக்கல் மாவட்டம் காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை வந்துவிடும். அதுவரை தார்ச்சாலை. அங்கிருந்து மிளகு, காபித் தோட்டங்களுக்குப் பிரியும் வழிகளில் பல, மண் தடங்களும் ஒற்றையடிப் பாதைகளும்தான். பனி இறங்கினாலோ, மழையில் தடம் அரித்துப் போனாலோ, பழகிய ஆளுக்கே பிரிவு தெரியாமல் போகும். தோட்டத்தில் ஒருவருக்கு அடிபட்டால், இருக்கும் இடத்தை வெளியாளுக்குச் சொல்லிப் புரிய வைப்பது அதைவிடச் சிரமம். இதற்கெல்லாம் ஜி.பி.எஸ். உதவும். ஆனால் எதை வாங்குவது என்று தெரிந்து வாங்க வேண்டும்.

ஒரே பெயரில் மூன்று பொருள்கள்

கடையில் 'பைக் ஜி.பி.எஸ்.' என்று கேட்டால் பெரும்பாலும் சிம் கார்டு போட்ட டிராக்கரைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். வண்டி திருடு போனால் கண்டுபிடிக்க அது உதவும். உங்களுக்கு வழி காட்டாது. டவர் இல்லாத இடத்தில் வண்டி இருக்கும் இடத்தையும் உடனே சொல்லாது. இரண்டாவது, நாம் எல்லோரும் வைத்திருக்கும் செல்போன். மூன்றாவது, காட்டில் நடப்பவர்களும் பைக் பயணிகளும் பயன்படுத்தும் தனி ஜி.பி.எஸ். கருவி. தடம் பார்த்துப் போகப் பின் இரண்டும்தான் பயன்படும்.

டவர் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் கருவி தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். இதற்கு செல்போன் டவர் தேவையில்லை. டவர் இல்லாத இடத்தில் போனில் வரைபடம் காணாமல் போவதற்குக் காரணம், படம் இணையத்தில் இருந்து வருவதுதான். படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

மலையில் வேறு சிக்கல் உண்டு. பள்ளத்தாக்கில் இருபுறமும் மலைச்சரிவு வானத்தை மறைக்கும். மிளகுக் கொடி ஏற்றிய சில்வர் ஓக் தோப்பில் இலைகள் சிக்னலைக் குறைக்கும். பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னல் இடத்தைத் தவறாகக் காட்டும். வெட்டவெளியில் சாதாரண செல்போன் 5 மீட்டர் அளவுக்குப் பிழையோடு காட்டும். தோப்புக்குள் பிழை இதைவிட அதிகமாகும்.

செல்போன் யாருக்குப் போதும்?

தெரிந்த தடத்தில் தோட்டத்துக்குப் போய் அன்றே திரும்புபவருக்கு செல்போன் போதும். ஆஸ்மேண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம். டவர் கிடைக்கும் ஊரில் இருக்கும்போதே செயலியைத் திறந்து இடம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். இணையம் இருந்தால் போன் செயற்கைக்கோள்களைச் சீக்கிரம் பிடித்துவிடும். இல்லாவிட்டால் சில நிமிடங்கள் காத்திருக்க நேரும்.

போனை ஹேண்டில்பாரில் மாட்டுவதில் எச்சரிக்கை தேவை. பைக் என்ஜின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதிர்வு தாங்கும் ரப்பர் அமைப்புள்ள ஹோல்டர் வாங்குங்கள். சட்டைப் பையில் வைத்து, பிரிவு வரும்போது மட்டும் எடுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. பேட்டரியும் மிஞ்சும்.

தனிக் கருவி யாருக்குத் தேவை?

நாள் முழுக்கத் தோப்புக்குள் அலைபவர்கள், இரவு தங்குபவர்கள், சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டியாகப் போகும் இளைஞர்கள் ஆகியோருக்குத் தனிக் கருவி பயன்படும். கார்மின் நிறுவனத்தின் இட்ரெக்ஸ் 10 இதற்கு ஓர் உதாரணம். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஏ.ஏ. பேட்டரி இரண்டு போட்டால் 25 மணி நேரம் வரை ஓடும் என்கிறது நிறுவனம். சார்ஜ் போட வழியில்லாத இடத்தில் இது பெரிய வசதி.

எந்தக் கருவியானாலும் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

- செயற்கைக்கோள்: அமெரிக்காவின் ஜி.பி.எஸ். மட்டும் போதாது. குளோனாஸ், கலிலியோ, நம் நாட்டின் நாவிக் ஆகியவற்றில் ஒன்றிரண்டையாவது சேர்த்துப் பிடிக்க வேண்டும். எல்1, எல்5 என இரண்டு அலைவரிசை உள்ளது சரிவிலும் தோப்பிலும் மேலானது.
- தண்ணீர்: ஐ.பி.எக்ஸ்.7 என்றால் 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். மழைக்கு அது போதும்.
- பொத்தான்: ஈரக் கையிலும் கையுறையிலும் தொடுதிரை சரியாக வேலை செய்யாது. பொத்தான் உள்ளது வசதி.
- வரைபடம்: படம் உள்ளதா, பின்னால் ஏற்ற முடியுமா, வந்த தடத்தைப் பதிவு செய்து அதே வழியில் திரும்பக் காட்டுமா?

தடத்தை நீங்களே பதிவு செய்யுங்கள்

விலை உயர்ந்த கருவியிலும் உங்கள் தோட்டத்துப் பாதை இருக்காது. நல்ல வெயில் நாளில் ஒருமுறை செயலியின் 'ரெக்கார்ட்' பொத்தானை அழுத்திவிட்டு மெதுவாகப் போய் வாருங்கள். தடம் பதிவாகிவிடும். நான்கு இடங்களைத் தவறாமல் குறியுங்கள்: தோட்டம், ஜீப் வரக்கூடிய கடைசி இடம், தண்ணீர் கிடைக்கும் இடம், டவர் கிடைக்கும் இடம்.

ஜி.பி.எஸ். வழி காட்டுமே தவிர, உதவிக்கு ஆள் அழைக்காது. பாம்பு கடித்தாலோ மரத்தில் இருந்து விழுந்தாலோ 108-க்குப் போன் செய்ய டவர் வேண்டும். உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் டவர் இருந்தால் 112-க்கு அழைப்பு போக வாய்ப்புண்டு. ஜீப் வரும் கடைசி இடத்தின் எண்களைத் தாளில் எழுதி வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள்.

எண்களைச் சொல்லும் முறையிலும் கவனம் தேவை. 11.25 டிகிரி என்பது வேறு, 11 டிகிரி 25 நிமிடம் என்பது வேறு. இரண்டுக்கும் இடையே 18 கி.மீ. தூரம் உண்டு. புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வரை முழுதாகச் சொல்லுங்கள்.

நிலம் அளக்கலாமா?

உத்தேசக் கணக்குக்கு மட்டும் அளக்கலாம். ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர். ஒவ்வொரு எல்லையும் 4 மீட்டர் வெளியே தள்ளிப் பதிவானால் 100 சென்ட் நிலம் 127 சென்ட் என்று காட்டும். உள்ளே தள்ளினால் 76 சென்ட். நாற்று, உரம் கணக்கிடவே இந்தப் பிழை இடிக்கும். எல்லைத் தகராறுக்கும் பட்டாவுக்கும் நில அளவையர் அளந்தால்தான் செல்லும்.

இதை வாங்காதீர்கள்

டவர் இல்லாத இடத்திலும் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவிகள் வெளிநாட்டில் விற்கின்றன. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அவற்றை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டில் இருந்து உறவினர் வாங்கி வந்தாலும் சட்டம் அதுதான்.

ஆகவே முதலில் கையில் உள்ள செல்போனில் படத்தை இறக்கி, தடத்தைப் பதிவு செய்து, ஒரு மாதம் பயன்படுத்திப் பாருங்கள். தோப்புக்குள் இடம் தவறினாலோ, சார்ஜ் போதாமல் போனாலோ மட்டும் தனிக் கருவிக்குச் செலவு செய்யுங்கள்.