முடிவில்லாத பரமபதம்

ஆனி, ஆடி மாதங்களில் புளியறைப் பக்கம் போயிருக்கிறீர்களா, சகோதரிகளே? ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஜிலுஜிலுவென்று காற்று வரும். கூடவே சாரலும் வரும். வெளியே தலைகாட்ட முடியாத மாலை வேளைகளில் முன்பெல்லாம் பல்லாங்குழியும் பரமபதமும் வீட்டுக்கு வீடு நடக்கும். இப்போது பிள்ளைகள் கையில் செல்போன்! எதிராளி பக்கத்துத் திண்ணையில் இல்லை. தென்காசியில் இருக்கலாம், தில்லியிலும் இருக்கலாம்.

"விளையாட்டுத்தானே? தோற்றால் முகம் ஏன் இப்படிச் சுண்டிப் போகிறது?" என்று கேட்காத தாய் உண்டா? பொழுதுபோக்காக நானும் ஆடுகிறவள்தான். ஆகையால் ஒரு ரகசியம் சொல்கிறேன்.

இந்தப் போட்டிகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். ஆர்பட் எலோ என்ற பௌதிகப் பேராசிரியர் சதுரங்கத்துக்காக வகுத்த முறை இது. உலகச் சதுரங்க சம்மேளனம் 1970-ல் இதை ஏற்றது. இணைய ஆட்டங்கள் பலவற்றிலும் இதே மாதிரிக் கணக்குதான். உங்களுக்குச் சமபலம் உள்ளவரையே இயந்திரம் எதிரே உட்கார வைக்கும். நீங்கள் தேறினால், இன்னும் தேறிய ஆசாமி வந்து சேருவார். ஆகவே இருவரோ இரு கட்சிகளோ மோதும் ஆட்டத்தில், எத்தனை நாள் ஆடினாலும் ஏறக்குறையப் பாதி தோல்விதான்! பையனிடம் குறை இல்லை, கணக்கே அப்படி.

பரமபதத்தில் கடைசிக் கட்டத்தை அடைந்தால் ஆட்டம் முடிந்தது. இங்கேயோ 'சீசன்' முடிந்ததும் பல ஆட்டங்களில் காயைச் சில கட்டம் கீழே இறக்கிவிடுகிறார்கள். குற்றாலத்திலும் சீசன் உண்டு. அது முடிந்தால் நாம் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பவில்லையா?

ஏணி மோகம் ஒரு பக்கம் என்றால், 'அடுத்த பாகம்' என்ற ஆவல் இன்னொரு பக்கம். 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'வின் ஐந்தாம் பாகம் 2013-ல் வந்தது. ஆறாம் பாகம் 2025-ல் என்றார்கள். பிறகு 2026 மே என்றார்கள். 2025 நவம்பரில் அதையும் மாற்றி, 2026 நவம்பர் 19 என்று நாள் குறித்தார்கள். ஐந்தாம் பாகத்தோடு பிறந்த குழந்தைக்கு 2026-ல் 13 வயது! ஆனால் கொள்ளையும் கொலையும் நிறைந்த அந்த ஐந்தாம் பாகம், ஐரோப்பாவில் 18 வயதானவர்களுக்கு என்றே முத்திரை பெற்றது. வாங்கித் தருமுன் அந்த முத்திரையைப் பாருங்கள், அம்மா!

இன்னொரு விஷயம். தொடர்கதையின் இரண்டாம் பாகம் வந்தாலும், பைண்டு செய்த முதல் பாகம் அலமாரியில் பத்திரமாக இருக்கும். இணைய ஆட்டத்துக்கு அந்த நிச்சயம் கிடையாது. 2022 அக்டோபரில் 'ஓவர்வாட்ச்' இரண்டாம் பாகம் வந்தபோது, காசு கொடுத்து வாங்கிய முதல் ஆட்டத்தை மூடியே விட்டார்கள். ஏணியின் உச்சி நமக்குச் சொந்த வீடு அல்ல, வாடகை வீடுதான்.

அதற்காக செல்போனைப் பிடுங்கிப் பரண்மேல் போட வேண்டாம். நேரத்துக்கு ஓர் எல்லை வையுங்கள். ஆட்டம் முடிந்ததும், "எத்தனை படி ஏறினாய்?" என்று கேட்காதீர்கள். "ஆட்டம் ருசித்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி ஆட்டம் தோற்றாலும் முழுச் சந்தோஷம் கிடைக்குமானால், அதுவல்லவா விளையாட்டு?