கோதின் கழுத்தில் ஒரு மயிரிழை

1848ஆம் ஆண்டு சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் பண்ணை வைக்க வந்தபோது, இன்று கந்தப்பளை வழியாக ராகலைக்குப் போகும் வீதியோரங்களில் தேயிலை இல்லை. காடும் பத்தனைப் புல்வெளியும்தான். யானையும் மரையும் அங்கே தாராளமாகத் திரிந்தன. பின்னாளில் ஆபிரிக்காவின் அல்பேர்ட் ஏரியைக் கண்டு புகழ்பெற்ற இந்த ஆங்கிலேயர், இங்கே இருந்த ஆண்டுகளில் வேட்டையாடியே பொழுதைக் கழித்து, அதை 1850களில் இரண்டு புத்தகங்களாகவும் எழுதினார். அவருக்கு முன்பு பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்த அவரது கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. இந்த மலைகளில் யானை அற்றுப்போனதில் இப்படிப்பட்டவர்களுக்குப் பெரும் பங்குண்டு. அதில் பெருமைப்பட எதுவும் இல்லை.

ஆனால் பேக்கரின் துவக்குகளுக்குள் ஓர் அறிவியல் கேள்வி ஒளிந்திருந்தது. ஈயச் சன்னத்துக்கும் அதைச் சுற்றியுள்ள உலோகத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும்? அந்தக் கேள்வி இன்றும் தீர்ந்துவிடவில்லை. இடம் மாறி, தோட்டாவின் கழுத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பேக்கரின் பெரிய ரைபிள் பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்பவர் 1840இல் செய்தது. எடை 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. 36 அங்குலக் குழல், அதற்குள் இரண்டே இரண்டு ஆழமான தவாளிப்புகள். ஒரு தடவைக்கு 16 டிராம், ஏறத்தாழ 28 கிராம் மருந்து. அதன்மேல் 3 அவுன்ஸ் ஈயக் குண்டு. நம் ஊர் இடியன் துவக்கைப் போலவே வாய்ப்பக்கமாக மருந்தைக் கொட்டி, குண்டை இடித்து இறக்க வேண்டும். குண்டின் நடுவில் ஒட்டியாணம் போல ஒரு வரம்பு ஓடும். அது தவாளிப்புகளில் பொருந்தி, குண்டைச் சுழல வைக்கும்.

சிக்கல் இங்கேதான். குண்டு இறுக்கமாக இருந்தால் சில வெடிகளுக்குப் பிறகு குழலில் கரி படிந்து, எவ்வளவு இடித்தாலும் இறங்காது. எதிரே யானை நிற்கும்போது அது உயிருக்கே உலை. தளர்வாக இருந்தாலோ, வெடித்த வாயு குண்டின் ஓரமாகப் பீறிட்டு ஓடிவிடும். குண்டும் குழலுக்குள் ஆடும், குறி தவறும். எண்ணெய் தடவிய துணியைக் குண்டின் அடியில் வைத்து அந்த இடைவெளியை நிரப்புவது அக்காலத்து வழக்கம்.

1849இல் பிரெஞ்சு அதிகாரி மினியே ஒரு வழி கண்டார். சன்னத்தைக் குழலைவிடச் சிறியதாக வார்த்து, அடிப்பக்கத்தைக் குடைந்து விடுவது. தளர்வாக இறங்கும், மருந்து வெடித்ததும் அடிப்பாகம் விரிந்து குழலை அடைக்கும். பிரித்தானியரின் 1853 என்ஃபீல்ட் ரைபிள் இதே கொள்கையில்தான் வேலை செய்தது. குழலின் விட்டம் 0.577 அங்குலம், சன்னம் 0.568. அதுவும் கரி படிந்த குழலில் இறங்க மறுத்ததால், பின்னர் 0.550 ஆகக் குறைத்தார்கள். அந்தத் தோட்டாக் காகிதத்தில் பூசிய கொழுப்புதான் 1857இல் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் சிப்பாய்களின் சந்தேகத்தைக் கிளப்பியது. சன்னம் வழுக்கி இறங்கத்தானே கொழுப்பே தேவைப்பட்டது!

அதன் பிறகு பின்பக்கமாகத் தோட்டா போடும் துவக்குகள் வந்தன. மருந்து, சன்னம், பொறி மூன்றையும் ஒரு பித்தளைக் கோது தாங்கிக்கொண்டது. 1900இல் இலங்கைத் தோட்டத்துரைமார் சேர்ந்து அமைத்த சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் படையின் காலம் .303 ரைபிளின் காலம். படை 1949இல் கலைக்கப்பட்டது. தோட்டத்தில் துவக்கு துரையின் கையிலும் பொலிஸின் கையிலுமே இருந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் மாண்டதை மலையகம் மறக்கவில்லை. சன்னத்தின் அறிவியலை எழுதுகிறவர் அதை விட்டுவிட்டு எழுதக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

.303 என்பது குழலின் துளை விட்டம். தவாளிப்பின் அடி வரை அளந்தால் 0.313, 0.314 என வரும். தேய்ந்த குழலில் அதற்கு மேலும் போகும். தொழிற்சாலைச் சன்னத்துக்கு உலோக உறை உண்டு, விட்டம் 0.311 அங்குலம். உயர்ந்த அமுக்கம் அதைத் தள்ளிக் குழலோடு ஒட்ட வைத்துவிடும். வெறும் ஈயத்தில் வார்த்த சன்னத்துக்கு அது சரிவராது. வாயு ஓரமாகப் புகுந்து ஈயத்தை அரித்து, குழல் முழுக்கப் பூசிவிடும். அதனால் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் பழைய ரைபிள்களுக்குச் சட்டப்படி தாங்களே தோட்டா நிரப்புகிறவர்கள், தவாளிப்பைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு பங்கு கூடுதலாகச் சன்னத்தை வார்க்கிறார்கள். நம் நாட்டில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் இதில் கைவைப்பது குற்றம்.

ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். தனியாக மிக மிருது. வெள்ளீயம் சேர்த்தால் அச்சில் நன்றாக நிரம்பும், அந்திமனி சேர்த்தால் கடினமாகும். பழைய அச்சுக்கூடங்களின் லைனோடைப் உலோகம் சன்னம் வார்ப்பவர்களுக்குப் பொக்கிஷம்; அதில் நூற்றுக்கு 12 பங்கு அந்திமனி. பேக்கர் பின்னாளில் ஆபிரிக்காவில் பத்தில் ஒரு பங்கு பாதரசம் கலந்தார். சூடான ஈயத்தில் பாதரசம் ஆவியாகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆவி மூச்சில் போனால் நரம்பையும் மூளையையும் கெடுக்கும் கொடிய நஞ்சு.

கோதின் வாய்ப்பக்கக் கழுத்துதான் சன்னத்தைக் கவ்விப் பிடிக்கிறது. சன்னம் தடித்தால் கழுத்தும் பருக்கும். இப்போது கணக்கைப் பாருங்கள். சன்னத்தின் விட்டம் 0.315 அங்குலம். கோதின் கழுத்துச் சுவர் 0.014. சுவர் இருபக்கமும் இருப்பதால் 0.028. கூட்டினால் 0.343. தோட்டாவைத் தாங்கும் துவக்கின் அறையில் கழுத்து உட்காரும் இடம் 0.346 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் ஆயிரத்தில் மூன்று பங்கு, ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிப்பு. அதையும் இருபக்கத்துக்கும் பங்கிட்டால் பக்கத்துக்கு அரை மயிர்.

வேறொரு கோதில் சுவர் 0.0155 ஆக இருந்தால் மொத்தம் 0.346. இடைவெளி பூச்சியம். வெடித்ததும் கழுத்து விரிந்துதான் சன்னத்தை விட வேண்டும், விரிய இடமில்லை. சன்னம் பிடிபட்டு நிற்க, பின்னால் அமுக்கம் விபரீதமாக ஏறும். துவக்கு சிதறினால் சுடுகிறவரின் முகத்துக்கும் கைக்கும் பக்கத்தில்தான் அது நடக்கும்.

இடைவெளி மிகுந்தால் ஆபத்துக் குறைவு, சேதம் வேறு. சன்னம் குழலின் நடு அச்சில் நிற்காமல் சாய்ந்து நுழையும், ஒரு பக்கம் மட்டும் ஈயம் வழிக்கப்படும், குறி பிசகும். ஒவ்வொரு முறையும் அளவுக்கு மீறி விரிந்து சுருங்குவதால் பித்தளை முறுகி, கழுத்தில் வெடிப்பு விழும். இராணுவத் துவக்குகளின் அறைகள் சேறும் தூசியும் படிந்தாலும் தோட்டா நுழையட்டும் என்று தாராளமாகக் குடையப்பட்டவை. தடித்த ஈயச் சன்னம் அவற்றில் பெரும்பாலும் தப்பிப் பிழைப்பது அதனால்தான்.

இடைவெளி போதுமா என்பதைச் சுட்ட கோதே காட்டிவிடும். கழுத்தை மறுபடி இறுக்காமல், ஒரு புதுச் சன்னத்தை விரலால் அதன் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். வெடித்தபோது அறை அளவுக்கு விரிந்த பித்தளை கொஞ்சம் சுருங்கியிருக்கும். அப்படியும் சன்னம் தடையின்றி உள்ளே போனால் இடம் இருக்கிறது. விளிம்பிலேயே முட்டி நின்றால் இல்லை. கழுத்தின் வெளிப்புறத்தில் புகைக்கரி தோள்வரை படிந்திருந்தால், அமுக்கம் குறைந்ததாலோ இடைவெளி கூடியதாலோ கழுத்து அறையை ஒட்டி அடைக்கவில்லை என்று பொருள். ஒருமுறை பார்த்ததோடு விட்டுவிடவும் முடியாது. ஒவ்வொரு வெடிக்கும் பித்தளை சிறிது சிறிதாக முன்னோக்கி நகர்ந்து கழுத்தைத் தடிக்க வைக்கும். முதல் நிரப்பலில் சரியாக இருந்த கோது ஐந்தாம், ஆறாம் நிரப்பலில் இறுகிப்போகலாம். அப்போது கழுத்தின் வெளிச்சுவரைச் சீவியெடுத்து, நுண்மானியால் சுற்றிவர அளந்த பிறகே மறுபடி நிரப்புவார்கள்.