கண் கூசாத மேடை

"மேடைன்னா பின்னால பெரிய எல்.இ.டி. திரை, டிஸ்கோ லைட் எல்லாம் வேணும்" என்றார் என்னவர். ஒரகடத்தில் எங்கள் குடியிருப்பில் குழந்தைகளுக்குப் பாட்டுப் போட்டி. எனக்கோ வயிற்றில் புளியைக் கரைத்தது. விளக்கு வெட்டி வெட்டி எரிந்தால் என் மகளுக்கு வலிப்பு வந்துவிடும். அவளும் பாடப் போகிறாள்!

"பல நாட்டு ஜனங்க டி.வி.யில பார்த்த யூரோவிஷன் போட்டி, 2018-ல லிஸ்பன்ல நடந்ததே, அந்த மேடையில எல்.இ.டி. திரையே கிடையாது, தெரியுமா?" என்றேன். ஃப்ளோரியன் வீடர் வடிவமைத்தது. கடலும் கப்பலும்தான் கரு.

"சரி, திரை வேணாம். லைட்?"

1997-ல் ஜப்பானில் டி.வி. கார்ட்டூனில் படபடத்த வெளிச்சத்தால் நூற்றுக்கணக்கான குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையைச் சொன்னேன். நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிட்டால் ஆபத்தாம். மனிதர் வாயே திறக்கவில்லை.

நாலு மஞ்சள் விளக்கு, பின்னால் என் பழைய பட்டுப்புடவைகள். மேடை தயார்!

வெளியிடங்களில் விளக்கு வெட்டினால், ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுசாக மூடி, முகத்தைத் திருப்பிக்கொள்ள மகளைப் பழக்கியிருக்கிறேன். இரண்டு கண்ணையும் சும்மா மூடினால் போதாது. இமை வழியாகவும் வெளிச்சம் உறைக்கும்.

அன்று அதற்கு அவசியம் வரவில்லை. மூன்றாவதாகப் பாடினாள். பரிசென்னவோ பக்கத்து வீட்டுப் பையனுக்குத்தான்.