மஸ்கட் ஆயுத வணிகமும் கப்பற் சோதனைத் தகராறும்

மஸ்கட் ஆயுத வணிகத் தகராறு என்பது, 1890களின் பிற்பகுதியிலிருந்து 1914 வரை பாரசீக வளைகுடாவிலும் ஓமான் கடலிலும் நடைபெற்ற துப்பாக்கிக் கடத்தலைத் தடுப்பது தொடர்பாகப் பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே நிலவிய அரசுறவுப் பிணக்கு ஆகும். பிரித்தானியப் போர்க்கப்பல்கள் எந்தெந்தக் கொடிகளைத் தாங்கிய கலங்களைச் சோதனையிடலாம் என்பதே இதன் மையக் கேள்வியாகும். இப்பிணக்கின் ஒரு பகுதி 1905இல் டென் ஹாக் நகரில் அமைந்த நடுவர் தீர்ப்பாயத்தின் முன் வந்தது. மற்றொரு பகுதி 1914இல் இரு அரசுகளின் உடன்பாட்டால் முடிவுற்றது.

பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியப் படைகள் புதிய வகைத் துப்பாக்கிகளுக்கு மாறின. கழிக்கப்பட்ட பழைய துப்பாக்கிகள் ஆசியச் சந்தைகளை நோக்கி வந்தன. பாரசீகம் ஆயுத இறக்குமதியைத் தடை செய்திருந்ததால், இவ்வணிகத்தின் முதன்மைத் துறைமுகமாக மஸ்கட் உருவெடுத்தது. அங்கிருந்து தோவ் எனப்படும் பாய்மரக் கலங்களில் மக்ரான் கரைக்குக் கொண்டுசெல்லப்பட்ட துப்பாக்கிகள், ஒட்டகங்களில் ஏற்றப்பட்டு ஆப்கானிஸ்தானையும் பிரித்தானிய இந்தியாவின் வடமேற்கு எல்லையையும் அடைந்தன. 1897இல் அவ்வெல்லையில் பஷ்தூன் இனக்குழுக்கள் கிளர்ந்தெழுந்த பின்னர் இந்திய அரசு இதனைப் பெரும் அச்சுறுத்தலாகக் கருதியது.

எனினும் மஸ்கட்டில் இவ்வணிகம் சட்டப்படியான ஒன்றாகவே இருந்தது. சுல்தானுக்குச் சுங்கவரி கிடைத்தது. பிரித்தானிய வணிகர்களும் இதில் ஈடுபட்டிருந்தனர். அதாவது, மஸ்கட்டில் முறையாக விற்கப்பட்ட அதே பெட்டி, மக்ரான் கரையில் இறக்கப்படும்போது கடத்தற் பொருளாயிற்று. இடைப்பட்ட கடற்பரப்பிலேயே அதனைத் தடுக்கவேண்டியிருந்தது.

1898 உடன்பாடு

1898 ஜனவரியில் சுல்தான் பைசல் பின் துர்க்கி வெளியிட்ட அறிவிப்பின்படி, மஸ்கட்டின் ஆட்சிக்குட்பட்ட கடற்பரப்பில் பிரித்தானிய, பாரசீக, மஸ்கட் கொடிகளைத் தாங்கிய கலங்களைப் பிரித்தானியப் போர்க்கப்பல்களும் பாரசீகப் போர்க்கப்பல்களும் சோதனையிடலாம். இந்தியாவுக்கோ பாரசீகத்துக்கோ செல்லும் ஆயுதங்களைப் பறிமுதல் செய்யலாம். அதே மாதத்தில் "லாப்விங்" என்ற பிரித்தானியப் போர்க்கப்பல், "பலூச்சிஸ்தான்" என்ற பிரித்தானிய வணிகக் கப்பலிலிருந்து ஆயுதங்களைக் கைப்பற்றியது. சரக்கின் உரிமையாளர்கள் போர்க்கப்பலின் தளபதி கார் என்பவர் மீது இங்கிலாந்தில் வழக்குத் தொடுத்தனர். மஸ்கட் சட்டப்படி முறையான செயல் என்பதால் இழப்பீடு கோரவியலாது எனப் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது.

இவ்வறிவிப்பில் குறிப்பிடப்பட்ட கொடிகள் மூன்று மட்டுமே. பிரெஞ்சுக் கொடி அவற்றுள் இல்லை.

பிரெஞ்சுக் கொடி

பிரான்சின் நிலைப்பாடு இரண்டு ஆவணங்களைச் சார்ந்திருந்தது. முதலாவது, 1844 நவம்பர் 17இல் மஸ்கட்டுடன் செய்யப்பட்ட வணிக உடன்படிக்கை. இது பிரெஞ்சு வணிகருக்குத் தடையற்ற வணிக உரிமையை வழங்கியது. இரண்டாவது, 1862 மார்ச் 10இல் பிரித்தானியாவும் பிரான்சும் வெளியிட்ட கூட்டறிக்கை. மஸ்கட் சுல்தானின் சுதந்திரத்தை மதிப்பதாக இரு நாடுகளும் இதில் உறுதியளித்திருந்தன. எனவே பிரித்தானியா மஸ்கட்டைத் தன் காப்பரசாக அறிவித்துப் பிரெஞ்சு உரிமைகளை நீக்க இயலவில்லை.

மேலும், தன் கொடியைத் தாங்கிய கலங்களில் அயல்நாட்டுக் கடற்படையினர் ஏறிச் சோதனையிடுவதைப் பிரான்சு நெடுங்காலமாக எதிர்த்து வந்தது. அடிமை வணிகத்தை ஒழிக்க இயற்றப்பட்ட 1890ஆம் ஆண்டு பிரசெல்சு பொதுச்சட்டத்தை ஏற்றபோதும், சோதனை தொடர்பான பிரிவுகளை அது ஏற்கவில்லை. இந்நிலையில், ஓமானின் சூர் துறைமுகத்தைச் சேர்ந்த தோவ் உரிமையாளர் பலர் பிரெஞ்சுக் கொடிக்கான அனுமதி பெற்றிருந்தனர். அக்கொடியின் மறைவில் அடிமைகள் கடத்தப்படுவதாகப் பிரித்தானியா குற்றஞ்சாட்டியது. சுல்தானின் குடிமக்கள் வேறொரு நாட்டின் கொடியைக் காட்டித் தம் அரசரின் அதிகாரத்திலிருந்து விலகிக்கொள்ளலாமா என்ற கேள்வியும் எழுந்தது.

1905ஆம் ஆண்டுத் தீர்ப்பு

1904 அக்டோபர் 13இல் இரு நாடுகளும் இச்சிக்கலை நிலையான நடுவர் நீதிமன்றத்திடம் ஒப்படைத்தன. 1905 ஆகஸ்ட் 8இல் வழங்கப்பட்ட தீர்ப்பின் முக்கிய கூறுகள் பின்வருமாறு:

* தன் கொடியைப் பறக்கவிடும் உரிமையை யாருக்கு அளிப்பது என்பதைத் தீர்மானிப்பது பொதுவாக ஒவ்வொரு இறைமையுள்ள நாட்டின் அதிகாரத்துக்குட்பட்டது.
* பிரான்சு பிரசெல்சு பொதுச்சட்டத்தை ஏற்புறுதி செய்த 1892 ஜனவரி 2க்குப் பின்னர், 1863க்கு முன்பிருந்தே பிரெஞ்சுப் பாதுகாப்புக்குட்பட்டவர்களாக நடத்தப்பட்டதை நிறுவியவர்களுக்கு மட்டுமே புதிய அனுமதி வழங்கலாம். அத்தேதிக்கு முன் அனுமதி பெற்றவர்கள், பிரான்சு அதனைப் புதுப்பிக்கும் வரை அக்கொடியைப் பயன்படுத்தலாம்.
* அனுமதியை வேறொருவருக்கோ வேறொரு கலத்துக்கோ மாற்ற இயலாது.
* முறையான அனுமதி பெற்ற கலங்கள் மஸ்கட் கடற்பரப்பில் 1844 உடன்படிக்கையின் பாதுகாப்பைப் பெறும். ஆயினும் அவற்றின் உரிமையாளர்கள் சுல்தானின் நீதி அதிகாரத்திலிருந்து விலக்குப் பெறமாட்டார்கள்.

இத்தீர்ப்பு பிரெஞ்சுக் கொடி மேலும் பரவுவதைத் தடுத்தது. ஆனால் மஸ்கட் நகரில் ஆயுதம் விற்ற பிரெஞ்சு வணிகரின் உரிமையை இது தொடவில்லை.

மாநாடும் கடல் முற்றுகையும்

1908-09இல் பிரசெல்சில் கூடிய ஆயுத வணிக மாநாட்டில் உடன்பாடு ஏற்படவில்லை. உடன்படிக்கை உரிமையை விட்டுக்கொடுப்பதாயின் தக்க ஈடு வேண்டும் என்பது பிரான்சின் நிலைப்பாடு. இதன்பின் பிரித்தானியக் கடற்படையின் கிழக்கிந்தியப் பிரிவு மக்ரான் கரையை அடைக்கும் நடவடிக்கையில் இறங்கியது. பகுரைன் (1898), குவைத் (1900), உடன்படிக்கைக் கடற்கரையின் ஷேக்குகள் (1902) ஆகியோருடன் ஏற்கெனவே செய்யப்பட்டிருந்த ஆயுதத்தடை உடன்பாடுகள் இதற்குத் துணைநின்றன.

சோதனை கடலோடு நிற்கவில்லை. 1910 டிசம்பர் 24இல் "ஹயசிந்த்" என்ற போர்க்கப்பலின் படைப்பிரிவு, ஆயுதங்களைத் தேடி துபாயில் தரையிறங்கி வீடுகளைச் சோதனையிட்டது. நகர மக்கள் எதிர்த்ததால் மூண்ட சண்டையில் 37 அராபியரும் பிரித்தானியத் தரப்பில் சிலரும் உயிரிழந்தனர். கடற்படைத் தளபதி ஸ்லேடு, துபாய் ஆட்சியாளர் பூத்தி பின் சுகைலிடம் 400 துப்பாக்கிகளையும் 50,000 ரூபாயையும் தண்டமாகக் கோரினார். பிரெஞ்சுக் கலத்தில் ஏறுவதற்கு ஆண்டுக்கணக்கில் வழக்காடிய அதே காலத்தில், பேரரசின் துணையற்ற ஒரு சிறு துறைமுகத்தின் வீடுகளுக்குள் நுழைய எந்த நடுவரின் தீர்ப்பும் தேவைப்படவில்லை.

ஆயுதக் கிடங்கும் உடன்பாடும்

1912 செப்டம்பர் 1 முதல், மஸ்கட்டுக்கு வரும் ஆயுதங்கள் அனைத்தும் ஓர் அரசுக் கிடங்கில் வைக்கப்பட்டு, உரிமம் பெற்ற பின்னரே வெளியே எடுக்கப்பட வேண்டும் எனச் சுல்தான் ஆணையிட்டார். அவருக்கு நேரும் வருவாய் இழப்புக்காக இந்திய அரசு ஆண்டுதோறும் ஒரு இலட்சம் ரூபாய் வழங்க இசைந்தது. 1844 உடன்படிக்கையைச் சுட்டிப் பிரான்சு எதிர்ப்புத் தெரிவித்தது. பிரெஞ்சு வணிகருக்கு இழப்பீடு வழங்கப் பிரித்தானியா முன்வந்ததை அடுத்து, 1914இல் கிடங்கு விதிகளைப் பிரான்சு ஏற்றுக்கொண்டது.

ஓமானின் உட்பகுதி மக்களிடையே இவ்விதிகள் மனக்கசப்பை ஏற்படுத்தின. சுல்தான் பிரித்தானியாவுக்கு அடங்கிவிட்டார் என்ற எண்ணம் வலுத்தது. 1913இல் இமாமின் தலைமையில் வெடித்த கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணமாகும். 1915 ஜனவரியில் கிளர்ச்சியாளர் மஸ்கட்டை நெருங்கியபோது, அதனைக் காத்து நின்றவர்கள் இந்தியப் படைவீரர்களே.

சட்ட முக்கியத்துவம்

கப்பல்களின் நாட்டுரிமை குறித்த ஆய்வுகளில் 1905ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்றும் எடுத்தாளப்படுகிறது. 1982ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையின் 110ஆம் பிரிவு, ஆழ்கடலில் அயல்நாட்டுக் கப்பலில் ஏறிச் சோதனையிடக்கூடிய சூழல்களைப் பட்டியலிடுகிறது. கடற்கொள்ளை, அடிமை வணிகம், நாட்டுரிமையற்ற கப்பல் முதலியன அதில் இடம்பெறுகின்றன. ஆயுதக் கடத்தல் இடம்பெறவில்லை. எனவே அமைதிக்காலத்தில் ஆழ்கடலில் ஆயுதம் தேடிச் சோதனையிட, கொடிக்குரிய நாட்டின் இசைவோ, தனி உடன்படிக்கையோ, பாதுகாப்பு அவையின் தீர்மானமோ பொதுவாகத் தேவைப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* ஓமான் வரலாறு
* பாரசீக வளைகுடா
* நிலையான நடுவர் நீதிமன்றம்
* கடற்சட்டம்