உங்களுக்குத் தெரியுமா? இளமையில் தொற்றியது, பேரப்பிள்ளை எடுத்த பிறகும் தலைகாட்டும்

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் தொற்றி, அது புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 வருடங்கள் எடுக்கும். அதுவரை வலியே இருக்காது. 'பிள்ளை பெறும் வயசெல்லாம் போய்விட்டது, எனக்கெதற்கு?' என்று கேட்கும் அம்மாமாருக்காகத்தான் இந்தப் பெட்டி.

• இலங்கையில் 6ஆம் தர மாணவிகளுக்கு இதற்கான தடுப்பூசி 2017இல் தொடங்கியது. பேத்திக்கு ஊசி உண்டு. அம்மம்மாவுக்கு உள்ள வழி பரிசோதனைதான்.

• பெப் பரிசோதனையில் கருப்பைக் கழுத்திலிருந்து சில கலங்களை மெதுவாக வழித்தெடுப்பார்கள். சில நிமிட வேலை. வெட்டு இல்லை, தையல் இல்லை. புற்றுநோயாவதற்கு முந்திய மாற்றமே பிடிபடும், அப்போதே நீக்கிவிடலாம்.

• 1996 முதல் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் இது இலவசம். 35, 45 வயதில் அழைப்பார்கள், தவறவிட்டவர்களும் கேட்கலாம். ஹட்டன் பக்கத் தோட்டங்களில், லயத்துக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸியிடம் கிளினிக் நாளைக் கேளுங்கள். ஒருநாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடுமே என்ற கவலை நியாயமானது. கணக்கப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

• மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். நேரே டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள்.