சனிக்கிழமை ராத்திரி, தெருமுனை பார், ஒரு குட்டி மேடை... தெரியுமா?

சனிக்கிழமை ராத்திரி. தெருமுனையில் ஒரு பார். மூலையில் நாலு பலகை போட்ட மேடை. உள்ளூர்ப் பையன்கள் நாலு பேர் கிட்டாரும் டிரம்ஸுமாக ஏறுகிறார்கள். கேட்க வந்த கூட்டம் ஒரு டவுன் பஸ்ஸில் அடங்கிவிடும். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 'கிங் டட்ஸ் வா வா ஹட்' என்று ஒரு பார் இருக்கிறது. பெயரைச் சொல்லிப் பார்த்தீர்களா? உள்ளே 300 பேர்தான் நிற்க முடியும். 1993 மே 31 அன்று மான்செஸ்டரிலிருந்து வேன் பிடித்து வந்து இறங்கியது ஒரு குழு. அன்று பாடுவோர் பட்டியலில் அவர்கள் பெயரே இல்லை! எப்படியோ மேடை ஏறி நாலே நாலு பாட்டுப் பாடினார்கள். கூட்டத்தில் ஆலன் மெக்கீ நின்றிருந்தார். இசைத்தட்டு நிறுவனம் நடத்துபவர். நாலு பாட்டு போதுமாக இருந்தது, வலியப் போய் ஒப்பந்தம் பேசினார். அந்தக் குழு எது தெரியுமா? ஒயாசிஸ்!

அதற்குப் பிறகு நடந்ததுதான் தலைசுற்ற வைக்கும். 1996 ஆகஸ்டில் இங்கிலாந்தின் நெப்வொர்த் மைதானத்தில் இரண்டே இரவுகள் பாடினார்கள். வந்தவர்கள் இரண்டரை லட்சம் பேர்! டிக்கெட் கேட்டவர்கள் 25 லட்சத்துக்கும் மேல்! 300 பேர் பாரிலிருந்து அங்கே போய்ச் சேர மூன்றே கால் வருடம்தான் பிடித்தது.

இன்றைக்கும் அந்தக் கிளாஸ்கோ பாரின் மாடிப்படியைப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு வருடம் எழுதி, அந்த வருடம் அங்கே பாடிய குழுக்களின் பெயர்களைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு அழகான மரியாதை!

சரி, வாரக் கடைசியில் ஒரு குழு எத்தனை மணி நேரம் வாசிக்கும்? இரண்டு? மூன்று?

ஆறு மணி நேரம்! 1960 ஆகஸ்ட் 17 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், இந்திரா என்ற சின்னஞ்சிறு கிளப்பில் ஐந்து லிவர்பூல் பையன்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். ஆமாம், கிளப்பின் பெயர் இந்திராதான்! சாதாரண நாளில் நாலரை மணி நேரம், சனி ஞாயிறு என்றால் ஆறு மணி நேரம். இப்படி 48 இரவுகள்! தூக்கம் எங்கே? பக்கத்திலிருந்த ஒரு சினிமா தியேட்டரில், திரைக்குப் பின்னால், கழிவறையை ஒட்டிய ஓர் இருட்டறையில். 'மாக் ஷாவ்!' என்று முதலாளி கத்துவாராம். 'ஷோ காட்டுங்கடா!' என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

யார் அந்தப் பையன்கள்? பீட்டில்ஸ்!

அவர்களை அங்கிருந்து கிளப்பியது என்ன தெரியுமா? அக்கம்பக்கத்தாரின் சத்தப் புகார்! அங்கிருந்து அதே முதலாளியின் பெரிய கிளப்பான கைசர்கெல்லருக்கு மாறினார்கள். அங்கே இன்னொரு லிவர்பூல் குழுவும் மாறி மாறி வாசித்தது. மேடைப் பலகை உளுத்துப் போயிருந்ததால் இரண்டு குழுவுக்கும் ஒரு பந்தயம்: குதித்துக் குதித்து மேடையை யார் முதலில் உடைப்பது? உடைத்தது எதிரணி! அந்த எதிரணியின் டிரம்மர் யார் தெரியுமா? ரிங்கோ ஸ்டார்! இரண்டு வருடம் கழித்து அவரே பீட்டில்ஸில் சேர்ந்தார்.

பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசனுக்கு அப்போது வயது 17. ராத்திரி கிளப்பில் இருக்கும் வயசே இல்லை! போலீசுக்குத் தெரிந்தது. 1960 நவம்பரில் ஜெர்மனியை விட்டே அனுப்பிவிட்டார்கள்!

ஊருக்குத் திரும்பிய பீட்டில்ஸ், லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் மட்டும் 292 முறை வாசித்தார்கள். கேவர்ன் என்பது பழ மண்டியாகவும் கிடங்காகவும் புழங்கிய கட்டடத்தின் பாதாள அறை. உள்ளே கூட்டம் விடும் மூச்சுக்காற்றே சுவரில் தண்ணீராக வழியும்! இன்னொரு ஆச்சரியம்: உலகத்தின் மிகப் பிரபலமான இந்தக் கிளப்பில் அன்று ஒரு சொட்டு மது கிடையாது! காபி, டீ, குளிர்பானம், அவ்வளவுதான்.

டிரம்ஸ் செட்டில் பளபளவென்று தொங்கும் அந்த வட்டத் தகட்டைப் பார்த்திருப்பீர்கள். சிம்பல். நம் ஜால்ராவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்! அதில் 'ஜில்ஜியன்' என்று எழுதியிருந்தால் உற்றுப் பாருங்கள். அந்தக் குடும்பம் தொழில் தொடங்கிய ஆண்டு 1623! கான்ஸ்டான்டினோபிளில், சுல்தானின் படை வாத்தியத்துக்காக. நம்ம சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி கால் ஊன்றிய 1639ஐ விட 16 வருடம் மூத்தது! அந்தத் தகடுதான் இன்று தெருமுனை பாரில் 'ஜிங்' என்கிறது!

பாரில் பாட்டுக்கு ஆடினால் சட்டம் பாயுமா? பாய்ந்தது! அதுவும் எங்கே? நியூயார்க்கில்! 1926இல் வந்த கேபரே சட்டத்தின்படி, தனி லைசென்ஸ் வாங்காத பாரில் வாடிக்கையாளர்கள் எழுந்து ஆடினால் முதலாளி மாட்டினார். சரி, அது பழைய காலம் என்கிறீர்களா? அந்தச் சட்டத்தை எடுத்தது 2017இல்! அந்த வருடம் நகரத்தில் சுமார் 25,000 பார்களும் உணவகங்களும் இருந்தன. லைசென்ஸ் வைத்திருந்தவை எத்தனை? வெறும் 97!

வாத்தியத்துக்கும் கணக்கு உண்டு. லைசென்ஸ் இல்லாத இடத்தில் மூன்று பேர்தான் வாசிக்கலாம். அந்த மூன்று பேரும் பியானோ அல்லது தந்தி வாத்தியம்தான் வாசிக்க வேண்டும். டிரம்ஸ் கூடாது! சாக்ஸபோன் கூடாது! டிரம்பெட் கூடாது! ஜாஸின் தலைநகரத்தில் இப்படி! 1980களின் பிற்பகுதியில் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் இந்தக் கட்டு அவிழ்ந்தது.

மனதைப் பிசையும் பகுதி இனிமேல்தான். 1940 முதல் 1967 வரை, மது விற்கும் இடத்தில் பாடவும் வாசிக்கவும் கலைஞர்கள் போலீசில் கைரேகை கொடுத்து ஓர் அட்டை வாங்க வேண்டும். அட்டை பறிபோனால் பிழைப்பு போச்சு! ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் அட்டையைப் பறித்தார்கள். 1948இல் அவர் கார்னகி ஹாலில் பாடினார், அரங்கம் நிரம்பி வழிந்தது. ஆனால் அதே ஊரில் ஒரு சின்ன பாரில் பாட அவருக்கு அனுமதி இல்லை! நம்ப முடிகிறதா? பியானோ மேதை தெலோனியஸ் மங்க்? 1951இல் அட்டை போனது. ஆறு வருடம்! 1957இல் திரும்பக் கிடைத்ததும் 'ஃபைவ் ஸ்பாட்' என்ற சின்ன பாரில் உட்கார்ந்தார். பக்கத்தில் சாக்ஸபோனுடன் நின்றவர் ஜான் கோல்ட்ரேன்! ஜாஸ் ரசிகர்கள் இன்றும் ஏங்கிப் பேசும் இரவுகள் அவை. அந்த ஆறு வருடத்தில் நாம் இழந்த இரவுகள் எத்தனையோ!

இங்கிலாந்தில் வேறு கணக்கு. 2005 வரை பப்பில் இரண்டு பேர் வரை பாடினால் லைசென்ஸ் வேண்டாம். மூன்றாவது ஆள் மேடை ஏறினால் வேண்டும்!

பாட்டுப் போடும் பார், பாட்டு எழுதியவருக்குக் காசு தர வேண்டும் என்பது அமெரிக்காவில் எங்கே உறுதியானது? ஒரு சாப்பாட்டு மேசையில்! நியூயார்க்கின் ஷான்லி உணவகத்தில் தன் பாட்டை யாரோ பாடுவதை இசையமைப்பாளர் விக்டர் ஹெர்பர்ட் கண்டுபிடித்தார். வழக்குப் போட்டார். பாட்டுக்கென்று நாங்கள் தனிக் காசு வாங்கவில்லையே என்றது கடை. 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பதில்: சாப்பாட்டு விலைக்குள்ளேயே பாட்டின் விலையும் அடக்கம்! நூறு வருடம் தாண்டியும் அந்தத் தீர்ப்பு பார்களின் கணக்குப் புத்தகத்தில் உயிரோடு இருக்கிறது.

அயர்லாந்து என்றாலே பப்பில் வட்டமாக உட்கார்ந்து ஃபிடிலும் புல்லாங்குழலுமாக வாசிக்கும் காட்சிதான் நினைவுக்கு வரும், இல்லையா? அந்த வழக்கம் பிறந்த ஊர் எது தெரியுமா? லண்டன்! பிழைப்புக்காகக் கடல் கடந்த ஐரிஷ் தொழிலாளர்கள் 1940களின் கடைசியில் லண்டனின் பப்களில் கூடி வாசிக்கத் தொடங்கினார்கள். ஊரில் அதுவரை வாசிப்பெல்லாம் வீட்டு அடுப்படியிலும் கொட்டகையிலும்தான். ஊரை விட்டு வந்தவர்களின் ஏக்கம் ஊருக்கே ஒரு வழக்கமாகத் திரும்பிப் போனது!

பெட்ரோல் பங்க்கில் பாட்டுக் கச்சேரி? அமெரிக்காவின் ஆஸ்டினில் நடந்தது! கென்னத் த்ரெட்கில் என்பவர் 1933இல் தன் பெட்ரோல் பங்க்கில் பீர் விற்க லைசென்ஸ் எடுத்தார். மதுவிலக்கு முடிந்ததும் அந்த மாவட்டத்தில் கொடுத்த முதல் பீர் லைசென்ஸ் அதுதான்! 1960களின் தொடக்கத்தில் அங்கே பாட வந்தாள் ஒரு கல்லூரிப் பெண். கரகர குரல். அவள்தான் ஜானிஸ் ஜாப்ளின்! உலகப் புகழ் வந்த பிறகு, 1970 ஜூலையில், அந்தப் பெரியவருக்காக எடுத்த விழாவுக்கு ஓடி வந்து பாடினாள். அந்த அக்டோபரில் 27 வயதில் இறந்துபோனாள். த்ரெட்கிலை அவள் மறக்கவில்லை என்பதை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அதே ஆஸ்டினில் விமான நிலையத்துக்குள்ளேயும் உள்ளூர்க் குழுக்கள் நேரடியாக வாசிக்கின்றன! பெட்டியை எடுக்கப் போகிறவர் நின்று கேட்டுவிட்டுப் போகலாம்!

நாஷ்வில் நகரத்தில் ஊதா நிறத்தில் ஒரு பார், 'டூட்சிஸ்'. 1960இல் தொடங்கிய கடை. அதன் பின்வாசல் எங்கே திறக்கும்? சந்துக்கு அந்தப் பக்கம் ரைமன் அரங்கத்துக்கு! 1974 வரை சனிக்கிழமை ராத்திரிகளில் அங்கே நாடே வானொலியில் கேட்கும் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' கச்சேரி நடந்தது. பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் நட்சத்திரங்கள் பின்வாசல் வழியாக டூட்சிஸுக்குள் நழுவினார்கள்! காசில்லாத பாட்டுக்காரர்களின் கடன் சீட்டுகளைக் கடை முதலாளி டூட்சி அம்மா ஒரு சுருட்டுப் பெட்டியில் போட்டு வைத்திருப்பாராம்.

அங்கிருந்து சில மைல் தள்ளி 'புளூபேர்ட் கஃபே'. கடைவரிசை ஒன்றில் ஒடுங்கிக் கிடக்கும் இடம். நாற்காலி 90! இங்கே பேசினால் 'உஷ்!' என்பார்கள். பார் ஒன்றில் பேசக்கூடாது! பாட்டு எழுதியவர்களே நடுவில் வட்டமாக உட்கார்ந்து பாடுவார்கள், கேட்பவர் முழங்கால் பாடுபவர் முழங்காலில் இடிக்கும். 2004இல் இங்கே பாடிய ஒரு 14 வயதுச் சிறுமியை ஓர் இசைத்தட்டு அதிகாரி கவனித்தார். பெயர்? டெய்லர் ஸ்விஃப்ட்!

நியூயார்க்கின் சி.பி.ஜி.பி. என்ற பார் 1973இல் திறந்தது. அந்த நாலு எழுத்துகள் எதற்கு? கண்ட்ரி, புளூகிராஸ், புளூஸ்! கிராமியப் பாட்டுக்காக வைத்த பெயர். ஆனால் அங்கே முளைத்ததோ காது கிழியும் பங்க் ராக்! ரமோன்ஸ் குழு அன்று அங்கே முழுக் கச்சேரியையும் கால் மணிக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் முடித்துவிடும்! முதலாளியின் விதி ஒன்றுதான்: சொந்தப் பாட்டுப் பாடு!

காது என்றதும் ஒன்று. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால்? 15 நிமிடம்தான்! ஸ்பீக்கர் பக்கம் நிற்பவர்கள் காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து! இன்னொன்று: காலி பாரில் சரிபார்த்த சத்தம் கூட்டம் வந்ததும் மாறிவிடும். ஏன்? நம் உடம்பும் உடையும் ஒலியை உறிஞ்சுகின்றன!

ஆஸ்திரேலியாவில் பப்புக்குப் பெயர் 'ஓட்டல்'! நாம் இட்லி சாப்பிடப் போவதும் ஓட்டல், அவர்கள் பீர் குடிக்கப் போவதும் ஓட்டல்! மெல்போர்னின் 'டோட் ஓட்டல்' 2010 ஜனவரியில் மூடப்பட்டது. காரணம், நேரடி இசை வைத்தாலே ஆபத்தான இடம் என்று கருதி விதித்த கெடுபிடிகள். விட்டார்களா ஊர்க்காரர்கள்? பிப்ரவரி 23 அன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் தெருவில் இறங்கினார்கள்! நேரடி இசைக்காக! அந்த வருடமே அது திரும்பத் திறந்தது. 2023இல் கட்டடமே விலைக்கு வந்தபோது ரசிகர்கள் கைக்காசு போட்டு 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் திரட்டிக் கொடுத்தார்கள்!

கடைசியாக, நம்ம ஊர். சென்னை மவுண்ட் ரோட்டில் சஃபையர் தியேட்டர் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? அதன் பாதாள அறையில் 'நைன் ஜெம்ஸ்' என்று ஒரு நைட்கிளப் இருந்தது. நவரத்தினம்! பம்பாயில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண், 1969இல் புடவை கட்டிக்கொண்டு அங்கே மேடை ஏறினார். நைட்கிளப்பில் புடவை! கனத்த குரலில் ஆங்கிலப் பாட்டு! கூட்டம் விடவில்லை. இன்னும் ஒரு வாரம் இருந்து பாடிவிட்டுப் போகச் சொன்னார் முதலாளி.

அங்கிருந்து கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் டிரிங்காஸ், அங்கிருந்து டெல்லி, அங்கே பாட்டைக் கேட்ட இந்தி நடிகர் தேவ் ஆனந்த், பிறகு சினிமா. யாரென்று தெரிந்துவிட்டதா? உஷா உதுப்! 2024இல் பத்ம பூஷண்! இன்றைக்கும் மேடையில் என்ன உடை தெரியுமா? அதே காஞ்சிப் பட்டு!